அந்தோனியார் முன் நான் திருப்பி எடுத்த சொல்

என் மகனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன்னே பத்துப் பேர் உனக்குப் போனில் சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்கு வயது போய்ப் புத்தி தட்டுக்கெட்டுவிட்டது, செத்துப்போன புருசனின் பெயரைக் கோயிலில் வைத்துக் கெடுத்துவிட்டாள் என்று. அதில் பாதி சரி. புத்தி நல்லாத்தான் இருக்கிறது. பெயரைக் கெடுத்தது உண்மை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலையுமுன், அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். உன்னிடம் முதலில் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பிள்ளை முதல்தரம் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இத்தாலியிலிருந்து வரப்போகிற நேரத்தில் பழைய கதை என்னத்துக்கு அம்மா என்றிருப்பாய். நீ மறித்தபிறகு சொன்னால் உன்னை மீறினது ஆகும். கேட்காமல் சொன்னால் பழி என்னோடு போகும். அதனால்தான். உன் தங்கச்சி தன் போனில் எழுதி அனுப்புகிறேன் என்று கேட்டாள். அவளை நம்பவில்லை. நடுவிலே நாலு நல்ல சொல்லைப் போட்டு என்னை நல்லவளாக்கிவிடுவாள். ஐந்தாம் வகுப்புப் படித்த கைதான், கொப்பித் தாளின் கோட்டைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது, நீதான் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

மன்னிக்கிறேன் என்று வீடு தேடி வந்தவளுக்கு ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று மாசித் தொடக்கத்தில் போனில் என்னோடு சண்டை பிடித்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு மற்ற நாள், வெயில் உச்சிக்கு ஏறின நேரம், முற்றத்தில் நெத்தலி காயப்போட்டுவிட்டுக் காகத்துக்குக் காவல் இருந்தேன். படலையைத் திறந்துகொண்டு திரேசா வருகிறாள். செத்துப்போன சூசையின் பெண்சாதி திரேசா. முப்பத்திரண்டு வருஷமாக இந்தப் படலைக்குள் கால் வைக்காதவள். ஒரே கோயில், ஒரே கிணற்றடி, ஒரே கடற்கரை, ஆனால் முகம் பார்த்து ஒரு கதை இல்லை. கையில் ஒரு பாண் துண்டுகூட இல்லாமல் வந்தாள். வெறுங்கையோடு வருகிறவள் கொடுக்க வரவில்லை, எடுக்கத்தான் வருகிறாள் என்று என் மனம் சொல்லிற்று. வந்து நின்று மூச்சு வாங்கிவிட்டு, "அக்கா, நான் உங்கள மன்னிச்சிட்டன். அதைச் சொல்லத்தான் வந்தன்" என்றாள். என்னத்துக்கு மன்னிப்பு என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்" என்றாள். நான் எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டியையும் போட்டேன். அவள் போனபிறகு வெளியே வந்து பார்த்தால் பாதி நெத்தலி காகத்துக்குப் போய்விட்டது. அந்தக் கணக்கையும் அவள் தலையில்தான் வைத்தேன்.

பிறகு ஒரு மாதம் நான் பட்ட பாட்டைக் கேள். இவள் ஏன் இப்போது வந்தாள். நீ வரப்போகிறாய் என்று அறிந்து, தன் பேரனை உன்னைக் கொண்டு இத்தாலிக்கு எடுப்பிக்கத்தான் வந்தாளோ என்று நினைத்தேன். பிறகு, எங்கள் தென்னங்காணிக்குள்ளால் கடற்கரைக்குப் பாதை கேட்கப் போகிறாளோ என்று. பிறகு, புதுச் சாமியார் பிரசங்கத்தில் சமாதானம் சமாதானம் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாரோ என்று. சாகப்போகிறாளோ என்றுகூட நினைத்து, சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்களிடம் உன் தங்கச்சியை விட்டு விசாரித்தேன். அவளுக்குச் சீனியும் இல்லை, பிரசரும் இல்லை, என்னைவிடத் திடமாக இருக்கிறாள். அது இன்னும் பயமாக இருந்தது. காரணம் இல்லாமல் ஒருத்தி மன்னிப்பாளா? எல்லாத்துக்கும் என்றாளே, அந்த எல்லாத்துக்குள்ளே எது எது இருக்கிறது? என் சந்தேகத்துக்கு அடியில் இருந்த கேள்வி இதுதான்: இவளுக்கு என்ன தெரியும்?

ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். உனக்குத் தெரியாது.

நீ ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் வலை வெட்டுப்பட்ட கதை உனக்கு நினைவிருக்கும். ஊர் சொன்ன மாதிரி நினைவிருக்கும். அந்த வலையை நான் என் கையால் கட்டினேன். துண்டு துண்டாக வாங்கி, ஓரக் கயிறு கோத்து, மிதப்புக் கட்டி, ஈயம் கட்டி, விரல் வெடித்து உப்புத்தண்ணி பட்டு எரிய எரியக் கட்டினேன். சோளகக் காற்று எழும்பப் பார்க்கிறது, வடக்கே கல்லுக்குக் கிட்டப் போட வேண்டாம், வலை கல்லில் விழுந்தால் வராது என்று அப்பாவிடம் மூன்று தரம் சொன்னேன். நான் ஒன்றை மூன்று தரம் சொல்வது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதற்கு முதல் வாரம்தான், எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று அப்பாவுக்கும் சூசைக்கும் கரையில் வாய்த்தர்க்கம். சூசை நல்ல தொழிலாளி, ஆனால் விட்டுக்கொடுக்காத மனுசன். அப்பா கடலிலிருந்து வலை இல்லாமல் வெறும் போட்டோடு கரைக்கு வந்தார். கையில் அரை முழம் கயிறு. கத்தியால் அறுத்த கயிறு என்று பார்த்தவுடனே தெரியும். ஆரோ வெட்டிப்போட்டாங்கள் என்றார். ஆர் என்று அவர் சொல்லவில்லை, மகன். அதை நீ நன்றாக மனதில் வை. பெயர் சொன்னது நான். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடற்கரை முழுக்க நடந்து, சூசைதான், சூசைதான் என்று வாய் கிழியச் சொன்னது நான். சூசையின் போட்டும் அன்றைக்கு அந்தப் பக்கம்தான் நின்றது, அது போதும் எனக்கு.

நம் ஊரில் களவு, வலை வெட்டு என்றால் பொலிசுக்குப் போவதில்லை. அந்தோனியாரிடம்தான் போவோம். குற்றம் சுமந்தவன் சுரூபத்தின் காலில் கை வைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணிவிட்டால் பிறகு குற்றம் சொன்னவன் அதைப்பற்றி வாயே திறக்கக் கூடாது, வழக்கு அந்தோனியார் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அப்பா வேண்டாம் என்றார். வலை போனால் போகட்டும், விடு என்றார். பயந்தவன் என்று அவரைப் பேசிவிட்டுக் கோயில் மூப்பரிடம் நானே போனேன். ஞாயிறு பூசை முடிய மூப்பர் மெழுகுதிரி கொளுத்தி வைத்துச் சூசையைக் கூப்பிட்டார். சூசை வந்தான். வந்து அப்பாவை ஒருதரம் பார்த்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். குற்றவாளியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் குனிகிறார் என்று நினைத்தேன், எவ்வளவு கெட்டிக்காரி நான். "அந்த வலையை நான் வெட்டல்ல. வெட்டியிருந்தா கடல் என்னை எடுக்கட்டும்" என்று கை வைத்துச் சொன்னான் சூசை. மூப்பர் வேறொன்றும் கேட்கவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தச் சோளகக் காலத்திலேயே கடல் அவனை எடுத்தது. கரைக்கு வருகிற போட்டை அலை புரட்டிப்போட்டது. கூடப் போன இரண்டு பேரும் நீந்தி வந்தார்கள். சூசை மூன்றாம் நாள்தான் கரை சேர்ந்தான், எப்படிச் சேர்ந்தான் என்று எழுத மாட்டேன். ஊர் முழுக்க ஒரே கதை, அந்தோனியார் காட்டிவிட்டார் என்று. செத்த வீட்டுக்கு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். திரேசா பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் கிடக்கிறாள், அவள் மகன் யூட் மடியில் தலை வைத்திருக்கிறான், நீயும் அவனும் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள். அந்த இடத்தில் நின்று, பொம்பிளைகள் எல்லோருக்கும் கேட்க, "கடல் பொய் சொல்லாது" என்று சொன்னேன். மூன்றே மூன்று சொல். கத்திக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பொய்ச் சத்தியக்காரன் வீடு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் யூட்டை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீ கூப்பிட்டாயா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவனோடு சேராதே என்று உன்னை மறித்தது நான்தான், அதனால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரேசாவின் மூத்த மகளுக்கு இந்தக் கரையில் ஒருத்தரும் மாப்பிள்ளை தரவில்லை. வண்ணாத்திவில்லுப் பக்கம், கடலே காணாத ஒரு வீட்டுக்குத்தான் போனாள்.

இனி அப்பாவின் கதை. நீ இத்தாலிக்குப் போன அடுத்த வருஷம், அவர் படுக்கையில் கிடந்த கடைசி மாதம். பின்னேரம் நான் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கோப்பையைத் தள்ளிவிட்டு, வலையை நான்தான் வெட்டினேன் என்றார். எந்த வலை என்று நான் கேட்கவில்லை. கல்லுக்குக் கிட்டத்தான் போட்டாராம். காற்று எழும்பி வலை கல்லில் மாட்டி, போட் மூக்குக் குத்தித் தண்ணி ஏறத் தொடங்க, உயிர் தப்பக் கத்தி எடுத்து அறுத்தாராம். அறுத்தது பிழையில்லை. எந்தத் தொழிலாளியும் அதைத்தான் செய்வான். பிறகேன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். மகன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "உன்ட வாய்க்குப் பயந்துதான்." கஞ்சியைக் குடிக்கவில்லை. கடலில் மூழ்கப் பார்த்ததற்குப் பயப்படாத மனுசன் வீட்டுக்கு வரப் பயந்திருக்கிறார். பன்னிரண்டு நாளில் செத்துப்போனார். அவர் பெயருக்குப் பெரிய அடக்கம் செய்தோம், நீ அனுப்பிய பூவளையம் முதலில் போயிற்று. எனக்கு மட்டும் தெரிந்ததை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் வைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் இருந்தது உன் அப்பாவின் பெயருக்காக என்று எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். சொன்னால், செத்த வீட்டில் நான் சொன்ன மூன்று சொல் திரும்பி என் மேல் விழும். அந்தப் பயம்தான். பாவசங்கீர்த்தனம் செய்யாமலும் இருக்க முடியவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, உனக்குச் சிரிப்பு வரும். அன்னம்மாள் கோயில் பெருநாளுக்கு வெளியிலிருந்து குருமார் வந்து மரத்தடியில் கதிரை போட்டிருப்பார்கள் அல்லவா, தமிழ்ச் சாமியார் வரிசையை விட்டுவிட்டுச் சிங்களச் சாமியார் வரிசையில் போய் நிற்பேன். முழங்காலில் இருந்து தமிழில் கடகடவென்று சொல்லி முடிப்பேன். அவர் விளங்காமலே தலையை ஆட்டி, பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் தந்து அனுப்புவார். ஏழு பெருநாள் இப்படி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாமியார். மீன் விலை பேச எனக்கு நல்ல சிங்களம் வரும், பாவம் சொல்ல மட்டும் வராதாம். கடவுளுக்குத் தமிழ் தெரியும்தானே என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறுவேன். மதுரங்குளி சந்தி வருமுன்னே சந்தேகம் வந்துவிடும், அந்த மன்னிப்புப் பிடித்ததா இல்லையா என்று. பரலோக மந்திரத்தில் பிறரைப் பொறுக்கிறோம் என்று வருகிற இடத்தில் என் வாய் முணுமுணுப்பாகிவிடும். யாராவது இரண்டு பேர் என்னைக் கண்டு கதையை நிறுத்தினால் அது இந்தக் கதைதான் என்று நினைப்பேன். ஒருத்தி சிரித்தால் ஏன் சிரித்தாள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை. நான் கோபம் சாதிக்கிறவள் என்று நீங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறீர்கள். பாதி கோபம்தான். மீதி ஆட்கள் கிட்ட வராமல் இருக்கப் போட்ட வேலி.

இப்படி இருக்கத்தான் திரேசா வந்து, எல்லாத்துக்கும் என்றாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. தபசின் நாலாம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிய, அவள் வீட்டுக்கு நேரே போனேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். இரு என்று கதிரை போட்டாள், நான் இருக்கவில்லை. உனக்கு என்னடி தெரியும் என்று கேட்டேன். ஈர்க்குமாற்றைச் சுவரோடு சாத்திவிட்டு, "அண்ணன்தான் வெட்டினார் எண்டு தெரியும் அக்கா. இவர் கண்டவர்" என்றாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அப்பா வலையை அறுத்ததைச் சூசை தன் போட்டில் இருந்து கண்ணால் கண்டிருக்கிறான். உதவிக்குக் கிட்ட வரப் பார்க்குமுன் அப்பா அறுத்துவிட்டுக் கரைக்குத் திருப்பிவிட்டார். சத்தியத்துக்கு முதல் நாள், கண்டதைச் சொல்லுங்கோ என்று திரேசா அழுதிருக்கிறாள். சூசை மாட்டேன் என்றானாம். என்னை அவர்கள் கேட்பது நான் வெட்டினேனா என்றுதான், அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது என்றானாம். ஏன் மாட்டேன் என்றான் என்று கேட்டேன். திரேசா சொல்லத் தயங்கினாள். வற்புறுத்திக் கேட்டபிறகு சொன்னாள்: "அந்த மனுசன் பிறகு அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவான் எண்டு சொன்னார் அக்கா."

பார்த்தாயா மகன். என்னோடு குடும்பம் நடத்தின மனுசனும் என் வாய்க்குப் பயந்தார், நான் பழி போட்ட மனுசனும் எனக்குப் பயந்து உன் அப்பாவைக் காப்பாற்றினான். முப்பத்திரண்டு வருஷம் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் ஒருதரம் என் முகத்தில் எறியவில்லை என்று திரேசாவிடம் கேட்டேன். எறிந்தால் இவர் சத்தியத்தோடு விட்டதை நான் கெடுத்ததாகும் என்றாள். முதல் பத்து வருஷம் என்னைச் சபித்தாளாம். பிறகு சபிக்க அலுத்ததாம். இந்தத் தபசுக்குள், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கையில், என் முகம் நினைவுக்கு வந்தும் நெஞ்சு எரியவில்லையாம். அப்போதுதான் மன்னித்துவிட்டேன் என்று தனக்கே தெரிந்ததாம், அதைச் சொல்ல வந்தாளாம். அவ்வளவுதான். பாதையும் கேட்கவில்லை, இத்தாலியும் கேட்கவில்லை. ஊருக்குச் சொல் என்றும் கேட்கவில்லை. சொல்ல வேணாம் அக்கா, அண்ணனும் போய்ச் சேர்ந்திட்டார் என்றாள். ஒன்றுமே கேட்காமல் தருகிற பொருளை எனக்கு இன்னும் வாங்கத் தெரியவில்லை. அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன், ஒரு சூது இருக்கும் என்று. கிடைக்கவில்லை. அதற்காக இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

மற்ற நாள் புதுச் சாமியாரிடம் போய்த் தமிழில், நிறுத்தி நிறுத்தி, முழுக்கச் சொன்னேன். சின்னப் பெடியன் சாமியார், உன்னைவிட இளசு. கடவுள் மன்னித்துவிட்டார், சமாதானமாகப் போங்கோ அம்மா என்றார். எனக்கு மன்னிப்பு வந்தது சரி, சூசைக்கு என்ன வந்தது சாமி என்று கேட்டேன். திரேசாவும் மன்னித்தாள், கடவுளும் மன்னித்தார், அவன் மட்டும் இன்னும் பொய்ச் சத்தியக்காரனாக மண்ணுக்குள் கிடக்கிறானே. ஊருக்கு முன்னால் சொல்வதை அவர் எனக்குத் தண்டனையாகத் தர முடியாதாம், நானாகச் செய்தால் மறிக்கவும் மாட்டாராம். அது போதும் என்று எழும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னதை ஆட்கள் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள், என் வாயால் கேள். சுரூபத்தின் காலில் கை வைத்தேன். வலையை வெட்டினது என் புருசன், உயிர் தப்ப வெட்டினார், பிழையில்லை. என் வாய்க்குப் பயந்து மறைத்தார். சூசையின் பெயரைச் சொன்னது நான், சூசை பண்ணினது உண்மைச் சத்தியம். செத்த வீட்டில் நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறேன், கடல் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். இவ்வளவுதான். உன் தங்கச்சி அழுதாள். உன் சித்தப்பா எழும்பிப் போனார், வீட்டுக்கு வந்து ஏசினார், இனி வரவும் மாட்டாராம். திரேசா வந்து என் கையைப் பிடித்தாள். சனம் அதைப் பார்த்து மூக்கைச் சிந்திற்று, எல்லாம் முடிந்தது என்று.

முடியவில்லை. யூட் கதவடியில் நின்றிருந்தான். நாற்பத்துமூன்று வயது மனுசன், அப்பனைப் போலவே தோள். கிட்ட வந்து, தாயின் கையை என் கையிலிருந்து எடுத்துவிட்டான். "அம்மா மன்னிச்சிருப்பா. நான் மன்னிக்கல்ல" என்றான். திரேசா அவனை ஏசப் பார்த்தாள். நான்தான் விடு என்றேன். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் சந்தேகப்படவில்லை. கோபம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

நீ வரும்போது அவனைப் போய்ப் பார். இத்தாலிச் சொக்கலேட்டைத் தூக்கிக்கொண்டு போகாதே. என் அம்மாவை மன்னித்துவிடு என்று கேட்கவும் வேண்டாம், அது என் கடன், நீ சுமக்காதே. வாங்கில் பக்கத்திலிருந்து நீ எழும்பிப் போன நாள் ஒன்று இருக்கும், அதை மட்டும் நீயாகச் சொல். அவன் உள்ளே வா என்றால் போ. சொல்லாவிட்டால் படலையில் நின்றுவிட்டு வா. இன்னொன்று, வீட்டில் உன் பெண்சாதி பிள்ளைகள் உன்னிடம் ஏதாவது மறைக்கிறார்கள் என்று தெரிந்தால் முதலில் உன் குரலைக் கேட்டுப் பார். உனக்கு என் குரல்தான் வாய்த்திருக்கிறது, போனில் கேட்கிறேன்தானே. மற்றபடி நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. உன் பெரியத்தை என் கலியாணத்தில் சொன்ன சொல்லை மறக்கவில்லை, மறக்கும் யோசனையும் இல்லை.

நேற்றுக் காலை மீன் வாங்கக் கரைக்குப் போனேன். யூட் வலையில் கழிவு தட்டிக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் வலையைப் போட்டுவிட்டு எழும்பி அங்கால் போனான். ஏன் போகிறான், என்ன நினைக்கிறான், ஆரிடம் என்ன சொல்லப் போகிறான் என்று நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியும். மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழம்பு வைத்து, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அப்பாவின் பெயருக்காக உனக்கு என்னில் கோபம் வந்தால் கோபமாகவே எழுது. சமாளித்துக் கதைக்காதே.

உன் அம்மா